ரு கந்தோரும் கண்ணாடிக் கொட்டிலும்

கீரி என்ற தீவூரில் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் ஒரு கந்தோர், அதுதான் அலுவலகம், இருந்தது. அதன் பெயர்ப்பலகை வாசலைவிட நீளம். 'கரையோர உற்பத்தியாளர் ஆங்கில இலக்கண மேம்பாட்டு ஒருங்கிணைப்பு நிலையம்' என்று எழுதிக்கொண்டு போனதில் பலகை முடிந்துவிட்டது. 'நிலையம்' என்ற சொல்லை மட்டும் பக்கத்து வீட்டு மதிலில் எழுதினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் இரண்டுமுறை சுண்ணாம்படித்து அழித்தான். மூன்றாம்முறை, சரி, என் வீட்டுக்கும் ஒரு பெயர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். ஊர்ச்சனம் அவ்வளவு நீளத்துக்கு வாயை வருத்தாது. 'ரு கந்தோர்' என்றுதான் சொல்லும். ஏன் அந்தப் பெயர் என்று கேட்கப்போகிறீர்கள், பிள்ளைகள். அதற்குத்தான் வருகிறேன்.

தாழ்வுபாட்டில் அன்ரோனெற் என்று ஒருத்தி கருவாடு போடுகிறவள். போன மாரியில் ஒன்பது நாள் மழை விடாமல் பெய்தது. அவள் உப்பில் போட்டு எடுத்த கட்டா மீன் முழுக்கக் காயாமல் புழுத்துப்போனது. அவளும் புருசன் கிறகரியும் கடற்கரையில் கிடங்கு வெட்டி அதைத் தாட்டார்கள். சிலுவை நடாததுதான் குறை, மற்றப்படி கிறகரி அடக்கத்துக்குரிய மரியாதை எல்லாம் செய்தான். தொப்பியைக்கூடக் கழற்றினான். அடுத்த மாரிக்கு முதல் எப்படியும் கூரை போட்ட ஒரு கொட்டில் எடுத்துவிட வேண்டும் என்று அன்ரோனெற் அன்றைக்கே தீர்மானித்தாள். இன்னொரு மாரி அப்படிப் போனால் கருவாட்டுத் தொழிலையே விடவேண்டியதுதான்.

கருவாடு போடுகிறவர்களுக்குக் கொட்டில் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யூலை மாதம் சைக்கிளில் கீரிக் கந்தோருக்குப் போனாள். இணைப்பாளர் சிங்கராசா அவளைக் கதிரையில் இருத்தினார்.

"கொட்டில் இருக்கு. ஒண்டில்லை, மூண்டு இருக்கு. அந்தா பாருங்கோ" என்று யன்னலைத் திறந்தார்.

கந்தோருக்குப் பின்வளவில் மூன்று கொட்டில்கள் வரிசையாக நின்றன. கண்ணாடி மாதிரிப் பிளாஸ்ரிக் கூரை, சுற்றிவர வலைக்கம்பி, உள்ளே தட்டுத் தட்டாகப் பரண். வெயில் உள்ளே போகும், மழையும் ஈ இலையானும் போகாது. அன்ரோனெற்றுக்குக் கண் கலங்கியது. பிறகுதான் பரண் முழுக்க என்னவோ அடுக்கியிருப்பதைக் கண்டாள்.

"உள்ளுக்கு என்ன சேர்?"

"இலக்கணப் புத்தகம். ஆறாயிரம். உங்கட கடற்காத்துக்குப் புத்தகம் நமுத்துப்போகுமெல்லோ. இந்தத் தீவிலை ஈரம் ஏறாத இடமெண்டா இந்த மூண்டுந்தான். ஒரு வருசமா வைச்சுப் பாத்திட்டம். அருமையா வேலை செய்யுது."

"அதிலை ஒண்டு எனக்குத் தாங்கோவன்."

"தரத்தானே கட்டினது. அதுக்கு முதல் நீங்கள் மூண்டு மாசம் படிச்சு, சோதினை பாஸ் பண்ணி, சான்றிதழ் எடுக்கோணும்."

"என்னத்தைப் படிக்கிறது?"

"இன்பினிற்றிவ்."

அன்ரோனெற் அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை. "அதுக்கும் கருவாட்டுக்கும் என்ன சேர்?"

"வெளிநாட்டுக்காரன் கருவாடு கேட்டுக் கடிதம் போட்டா என்னண்டு மறுமொழி எழுதுவியள்?"

"என்ர கருவாடு முருங்கன் சந்தையைத் தாண்டிப் போனதில்லை சேர்."

"பாத்தியளே" என்று சிங்கராசா மேசையில் தட்டினார். "ஏன் தாண்டேல்லை? இன்பினிற்றிவ் தெரியாததாலை."

முருங்கன் ஆட்களுக்கு அது தெரியுமோ என்று கேட்க அவளுக்கு வாய் வந்தது. கொட்டில் வேண்டுமே. அடக்கிக்கொண்டு பெயரைப் பதிந்தாள்.

வகுப்பில் இருபத்திரண்டு பெண்கள். அன்ரோனெற்றுக்குப் பக்கத்தில் எருக்கலம்பிட்டி ஷப்னா இருந்தாள். அவளும் கருவாட்டுக்காரி, வாய்க்காரி. படிப்பிக்க வந்தவள் நிவேதிகா, வெள்ளாங்குளத்துப் பிள்ளை. விடிய முதல் பஸ் ஏறி, பாலம் கடந்து தீவுக்குள் வருவாள். ஆறு மாத ஒப்பந்த வேலை. நல்ல பிள்ளை, உள்ளதைச் சொல்லிக்கொடுத்தாள்.

"இங்கிலிஷிலை வினைக்கு முன்னாலை, 'to' எண்டு எழுதி ரு எண்டு சொல்லுற ஒரு சின்னச் சொல்லு வைச்சா அது இன்பினிற்றிவ். ரு கட், வெட்ட. ரு வொஷ், கழுவ. ரு ட்றை, காயவைக்க."

"ஆர் காயவைக்க, மிஸ்?" என்றாள் அன்ரோனெற்.

"அதிலை ஆள் வராது அன்ரி."

"எப்ப காயவைக்க?"

"காலமும் வராது. நேற்று, இண்டைக்கு, நாளைக்கு, ஒண்டும் இல்லை."

அன்ரோனெற் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மீன் பழுதாப்போடும் மிஸ்."

நிவேதிகா வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "தமிழிலையும் இருக்கு அன்ரி. 'காயவைக்கப் போறன்' எண்டு சொல்லுறியள். அதிலை 'காயவைக்க' எண்டதுதான் இது. பின்னாலை 'போறன்' எண்டு ஒராள் வந்து கை குடுத்தாத்தான் அது நகரும். இங்கிலிஷிலை அந்த ஆள் முன்னாலை நிப்பார். ஐ வோன்ற் ரு ட்றை. நான் காயவைக்க விரும்புறன்."

"ஆள் இல்லாட்டி?"

"சும்மா நிக்கும். பிழையில்லை. ஆனா ஒண்டும் நடக்காது."

அரை மணித்தியாலத்தில் இருபத்திரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. வில்லங்கம் என்னவென்றால், நிலையத்துக்கு மூன்று மாதத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. மிச்சத்தை நிரப்ப வேண்டும்.

இரண்டாம் கிழமை வாசலில் பலகை தொங்கியது: 'இந்த வளவுக்குள் ரு இல்லாமல் வினைச்சொல் பாவிப்பது தடை.' காவலாளி சந்தியோகுவுக்கு ஒரு பதிவுக் கொப்பி கொடுத்தார்கள். உள்ளே வருகிற எவரும் வருகிற காரியத்தை ருவோடு சொல்லவேண்டும். 'ரு லேர்ன்', படிக்க, என்று சொல்லிக்கொண்டு நுழையப் பெண்கள் பழகிக்கொண்டார்கள். தண்ணீர் பவுசர் லொறிக்காரனுக்கு ரு வாயில் வரவில்லை. அவன் "தண்ணி, தண்ணி" என்று மட்டும் சொன்னான். சந்தியோகு பாவம், சட்டத்துக்குப் பயந்தவன், திருப்பி அனுப்பிவிட்டான். இரண்டு நாள் கந்தோரில் தேத்தண்ணி இல்லை.

கக்கூசுத் திறப்பு, அதுதான் சாவி, சிங்கராசாவின் மேசை லாச்சியில் இருந்தது. ஷப்னா அவசரத்தில் ஓடிப்போய், "ஐ வோன்ற் கோ" என்றுவிட்டாள்.

"ஒண்டு குறையுது" என்றார் சிங்கராசா.

"சேர், இப்ப எனக்கு ஒண்டு குறையேல்லை, கூடிப்போச்சு. திறப்பைத் தாங்கோ."

"வசனத்தை முடியுங்கோ."

"வசனத்துக்கு முந்தி வேற முடிஞ்சிரும் சேர்."

அவர் திறப்பைக் கொடுத்தார். அடுத்தநாள் இருந்து கக்கூசுக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் வந்தது.

ஒருநாள் நிவேதிகா, கான், மஸ்ற் என்ற சொற்களுக்குப் பிறகு ரு வராது, வினை தனியே வரும் என்று படிப்பித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே நின்ற சிங்கராசா உள்ளே வந்தார்.

"மிஸ், அந்தப் பாடம் வேண்டாம்."

"பாடத்திட்டத்திலை கிடக்குது சேர்."

"கிடக்கட்டும். ரு இல்லாத வினை மூண்டாம் தரத்துக்கு மேற்பட்ட உத்தியோகத்தருக்கு. பொதுசனத்துக்கு இண்டைக்கு ரு இல்லாமல் குடுத்தா, நாளைக்குப் படிவம் இல்லாமல் கேப்பினம். நாளையிண்டைக்கு நாங்கள் இல்லாமலே செய்யப் பாப்பினம். பிறகு நிலையம் என்னத்துக்கு?"

அதை அவர் கோபத்தில் சொல்லவில்லை, உண்மையான கவலையோடுதான் சொன்னார். பெண்களுக்கும் அவர்மேல் இரக்கம் வந்தது.

செப்ரெம்பர் கடைசியில் அன்ரோனெற் ஒரு குற்றம் செய்தாள். எல்லாரும் ஒவ்வொரு வசனம் சொல்லவேண்டும். வெளியே முகில் கறுத்திருந்தது, வீட்டில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அவள் "ஐ வோன்ற் ரு குயிக்லி ட்றை" என்றாள். கெதியாய்க் காயவைக்க வேணும் என்று கருத்து. ருவுக்கும் ட்றைக்கும் இடையில், பழைய இலக்கணம் ஆகாது என்கிற இடத்தில், ஒரு சொல்லைச் செருகிவிட்டாள். நிவேதிகா, அது இப்போது வழக்கத்தில் இருக்கிறதுதான் என்றாள். சிங்கராசா மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார். மற்ற இரண்டு பேரும் லீவில் நின்றபடியால், மூன்று கதிரையிலும் அவரே மாறிமாறி இருந்தார். நடுக்கதிரையில் இருந்து தீர்ப்பைச் சொன்னார்.

"ருவுக்கும் வினைக்கும் இடையிலை உள்ளது உயர் பாதுகாப்பு வலயம். அதுக்குள்ள என்ன இருக்குதெண்டு எனக்கும் தெரியாது. அதுக்குள்ள போகக்கூடாதெண்டு மட்டும் தெரியும். முதல் தடவை எண்டபடியா மன்னிக்கிறம்."

வலயம் என்ற சொல்லைக் கேட்டதும் இருபத்திரண்டு பெண்களும் யுத்தகாலச் சோதனைச்சாவடிப் பழக்கதோசத்தில் கைப்பையில் அடையாள அட்டையைத் தடவினார்கள்.

வெளியே தூறல் விழுந்தது. அன்ரோனெற் அன்றைக்கு வீடு போய்ச் சேர முதல் பாதிக் கருவாடு நனைந்துவிட்டது. அடுத்தநாள் அவள் சிங்கராசாவின் அறைக்குப் போனாள்.

"சேர், மாரி துவங்கப் போகுது. கொட்டில் எப்ப கிடைக்கும்?"

சிங்கராசா சுவரில் தொங்கிய ஐந்தாண்டுத் திட்டத்தைக் காட்டினார். ஆங்கிலத்தில் முப்பத்தாறு வரி. அவளுக்கு இப்போது வாசிக்கத் தெரியும். ரு ப்ரொமோற், ரு டெவலப், ரு இம்ப்ரூவ், ரு கிவ். ஒவ்வொரு வரியும் ருவில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடிந்தது.

"இதிலை ஆளும் இல்லை, நாளும் இல்லையே சேர்" என்றாள் மெதுவாக.

சிங்கராசாவின் முகம் மலர்ந்தது. படிப்பித்தது வீண்போகவில்லை என்ற சந்தோசம். "அதுதான் இதின்ர அழகு. நானே இருந்து எழுதினது. ஆர் எண்டு போட்டா அந்தாள் பிறகு மறுமொழி சொல்லோணும். எப்ப எண்டு போட்டா அந்த நாள் வந்திடும். பதினொரு வருசத்திலை இந்த நிலையத்தைப்பற்றி ஒரு முறைப்பாடு இல்லை. ஒண்டும் பிழைச்சதில்லை. என்னண்டு பிழைக்கும்?"

ஒக்ரோபர் பத்தாம் திகதி சோதினை. முப்பது கேள்வி, ஒற்றைத் தாள், ஒருபக்கம் எழுதினால் போதும். பெண்கள் எழுதிக் கொடுத்துவிட்டு இருக்க, கொழும்பிலிருந்து பணிப்பாளர் வந்து பார்வையிட்டு, முத்திரை குத்தி ஒப்பமிடவேண்டும். அவர் வரப் பிந்தியது. அதற்குள் ஒரு மழை அடித்தது, கந்தோர்க் கூரை ஒழுகியது. மேசையில் அடுக்கியிருந்த விடைத்தாள்கள் நனைந்தன. மழை விட்டு வெயில் எறித்ததும், சிங்கராசா பதறிப்போய் இருபத்திரண்டு தாளையும் பின்வளவில், கொட்டில்களுக்கு முன்னால் இருந்த வலைப் பரணில் விரித்தார். ஊராருக்குக் காட்டக் கட்டி வைத்த மாதிரிப் பரண் அது. கட்டின நாளில் இருந்து அதில் ஏதும் காய்ந்தது அன்றைக்குத்தான். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சிப்பி பாரம் வைத்தார். உள்ளே போய் உடுப்பு மாற்றினார்.

பெண்கள் வளவில் நின்று கதைத்தபடி உலாவினார்கள். இங்கேதான், பிள்ளைகள், ஒன்றை நீங்கள் அறியவேண்டும். கருவாட்டுக்காரி பரணுக்குப் பக்கத்தால் சும்மா போகமாட்டாள். பரணில் கிடப்பதைக் கை தானாகப் புரட்டிவிடும். யாருடைய பரண் என்று கண் பார்க்காது, வாய் கதையை நிறுத்தாது. அடிப்பக்கம் வேர்த்தால் பழுது, அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். ஷப்னா தன் மைத்துனியின் கலியாணக் கதையைச் சொல்லிக்கொண்டு ஒரு வரிசை புரட்டினாள். அன்ரோனெற் கேட்டுக்கொண்டு மற்ற வரிசையைப் புரட்டினாள். சிப்பியை எடுத்து, தாளைத் திருப்பி, சிப்பியை வைத்து, எல்லாம் ஒழுங்காக. தாங்கள் என்ன செய்தோம் என்று இருவருக்கும் நினைவில்லை.

பணிப்பாளர் வந்தபோது நேரம் ஒன்றரை. இரண்டு மணிக்கு அவர் திரும்பவேண்டும். சிங்கராசா காய்ந்த தாள்களை அப்படியே அள்ளி அவர் முன்னால் வைத்தார்.

பணிப்பாளர் முதல் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "நல்ல துப்புரவு. ஒரு வெட்டுக்கொத்து இல்லை."

"கடுமையாப் பழக்கினனாங்கள் ஐயா."

"வாசிச்சுப் பாத்தீரோ?"

"ஒவ்வொரு வரியும் ஐயா. நான் வாசிக்காமல் ஒரு கடதாசியையும் மேலை அனுப்பிறேல்லை."

"அதுதான் வேணும். பிழை இருந்தாத்தானே திருத்த நேரம் போகும்" என்று சொல்லி, பணிப்பாளர் இருபத்திரண்டு தாளின் அடியிலும் 'பரிசீலிக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தி ஒப்பமிட்டார். சிங்கராசாவும் பக்கத்தில் ஒப்பமிட்டார். பணிப்பாளர் எழுந்து பெண்களைப் பார்த்து, இவ்வளவு பிழையில்லாத விடைத்தாள் தன் சேவைக்காலத்தில் காணவில்லை என்று பேசிவிட்டு, ஜீப்பில் ஏறிப் போனார்.

எல்லாரும் பாஸ். "சான்றிதழ் எப்ப சேர்?" என்று ஷப்னா கேட்டாள்.

"திட்டத்திலை இருக்கு. ரு இஷ்யூ."

ஒருவரும் மேலே கேட்கவில்லை. அவர்கள்தான் பாஸ் பண்ணிவிட்டார்களே.

விடைத்தாளை வைக்கக் கந்தோரில் நனையாத இடம் இல்லை, கொட்டில்களில் புத்தகம். ஆகவே அவரவர் தாளை அவரவர் வீட்டில் பத்திரமாய் வைத்திருக்கும்படி கொடுத்துவிட்டு, சிங்கராசா பணிப்பாளர் சொன்ன பயிற்சிக்காகப் பின்னேரமே கொழும்புக்குப் பஸ் ஏறினார். மூன்று நாள் பயிற்சி.

அன்ரோனெற் வீட்டுக்குப் போய்த் தாளை விரித்தாள். ஒருபக்கம் அவளுடைய முப்பது விடை, மை கலைந்தபடி. மறுபக்கம் வெள்ளை வெறுமை, அடியில் முத்திரை, இரண்டு ஒப்பம். அப்போதுதான் பரணில் தாள் புரட்டியது கைக்கு நினைவு வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிறகரி அன்றைக்குக் கட்டா அள்ளிக்கொண்டு வந்திருந்தான். உப்புத் தொட்டி நிரம்பி இன்னொரு தொட்டியும் போட்டாயிற்று. மறுநாள் எடுத்துக் காயவைக்கவேண்டும். வடக்கே வானம் கரியாய் இறங்கியிருந்தது.

"உதைப் பாத்துக்கொண்டு என்ன யோசிக்கிறாய்?" என்றான் கிறகரி.

"இதிலை எழுதப் போறன்."

"உது களவெல்லோ?"

"நான் எங்கை களவெடுத்தனான்? வெறுந்தாளிலை ஒப்பம் வைச்சு என்ர கையிலை தந்தது அவை. பத்திரமா வைச்சிரு எண்டு வேற சொன்னவை."

"அந்தோனியாருக்கு என்ன சொல்லுவாய்?"

"அவர் துலைஞ்சதைத் தேடிக் குடுக்கிறவர். எங்கட கொட்டில் துலைஞ்சு ஒரு வருசம்."

அவள் தமிழில் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்ததுதான். ஆனால் அதில் ரு வந்துவிடுமோ என்று பயம். 'ஒக்ரோபர் பதினோராம் திகதி காலமை ஏழு மணிக்குக் காவலாளி சந்தியோகு மூண்டு கொட்டிலையும் திறந்து புத்தகங்களை வெளியிலை எடுத்து, ஒரு கொட்டிலைத் தாழ்வுபாடு அன்ரோனெற்றிட்டையும் மற்ற ரண்டையும் மிச்சப் பெண்டுகளிட்டையும் குடுக்கிறார்.'

மறுநாள் ஏழு மணிக்கு அவளும் ஷப்னாவும் மீன்பெட்டிகளோடு வாசலில் நின்றார்கள். சந்தியோகு கொப்பியைத் திறந்தான். அன்ரோனெற் ரு சொல்லாமல் தாளை நீட்டினாள். அவன் முத்திரையைப் பார்த்தான். பிறகு மேலே எழுத்துக்கூட்டி வாசித்தான். ஒரு இடத்தில் நின்றுவிட்டான்.

"அக்கா, இதிலை என்ர பேர் கிடக்குது."

"ஓம்."

"பதினொரு வருசமா இந்தக் கந்தோரிலை வேலை. ஒரு கடதாசியிலையும் என்ர பேர் வந்ததில்லை. சம்பளச் சீட்டிலைகூட 'காவலாளி ஒண்டு' எண்டுதான் கிடக்கும்." அவன் இன்னொருமுறை வாசித்தான். "ஏழு மணியெண்டு கிடக்குது. இப்ப ஏழு அஞ்சு. பிந்திப்போனன்."

அவன் ஓடிப்போய்த் திறப்புக் கொத்தை எடுத்துவந்தான். ஆறாயிரம் புத்தகத்தையும் அவனே தோளில் சுமந்து கந்தோர் விறாந்தையில் அடுக்கினான். பெண்கள் உதவ வந்தபோது, "கடதாசியிலை என்ர பேர்தான் கிடக்குது" என்று விடவில்லை. வேலைக்கு வந்த நிவேதிகா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வகுப்புக்குள் போய்க் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பதினொரு மணிக்குக் கட்டா முழுக்கப் பரண் ஏறியது. பன்னிரண்டுக்கு மழை கொட்டியது.

நாலாம் நாள் சிங்கராசா பயிற்சி முடிந்து கொழும்பால் வந்து இறங்கினார். மழை விடவில்லை. குடையோடு பின்வளவுக்கு ஓடிவந்து, கொட்டிலுக்குள் கருவாடு காய்வதைக் கண்டு நின்றுவிட்டார்.

"ஆர் திறந்தது?"

"நான் சேர்" என்றான் சந்தியோகு. அப்படி ஒருவர் அந்தக் கந்தோரில் மறுமொழி சொன்னது அதுதான் முதல்தடவை.

அன்ரோனெற் தாளைக் கொடுத்தாள். அவர் வாசித்தார். தன் ஒப்பத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். தாளைத் திருப்பினார், திரும்பவும் திருப்பினார். இது நான் வாசிக்காமல் வைத்த ஒப்பம் என்று சொல்ல வாய் திறந்தார். அதைப் பணிப்பாளருக்கு எப்படி எழுதுவது என்று நினைத்திருக்கவேண்டும், வாயை மூடினார்.

"என்ர ஒப்பந்தான்" என்றார் கடைசியில்.

"ஓம் சேர். ஒவ்வொரு வரியும் வாசிச்சு வைச்சனீங்கள்" என்றாள் ஷப்னா, மிகவும் மரியாதையாக.

அப்போது விறாந்தைக் கூரை ஒழுகத் தொடங்கியது. முதல் அடுக்குப் புத்தகம் நனைவதைக் கண்டு சிங்கராசா ஓடினார். சட்டையைக் கழற்றி மேலே போட்டார், போதவில்லை. ஒரு புத்தகக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெனியனோடு, தலை சொட்டச் சொட்டக் கொட்டில் வாசலில் வந்து நின்றார். பார்க்கப் பாவமாய்த்தான் இருந்தது.

"அன்ரோனெற் அம்மா, ஒரு மூலையிலை இடம் தருவியளோ? இதுகளை வைக்க மட்டும்."

அன்ரோனெற் பரணைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். குனிந்து ஈரக் கடதாசியை மோந்து பார்த்தாள்.

"நீங்கள் உள்ளுக்கு வாங்கோ சேர், நனையாதேங்கோ. கதிரை கிடக்குது, தேத்தண்ணியும் இருக்கு. ஆனா புத்தகம் வெளியிலை நிக்கட்டும்."

"ஏன் அம்மா?"

"கருவாட்டுக்கு மணம் பிடிச்சிடும்."